மேடிசனின் எட்டுக் கோப்பைகள்

2007 மார்ச் மாதம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகர் மேடிசன். அங்கே கோஹ்ல் சென்டர் என்ற பெரிய உள்ளரங்கில் பல்கலைக்கழக மகளிர் ஐஸ் ஹாக்கி தேசியப் போட்டியின் காலிறுதி நடக்கிறது. விஸ்கான்சினை எதிர்த்து ஹார்வர்ட். இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதிகள் ஆடி முடித்தும் யாரும் கோல் போடவில்லை. இந்தத் தொடரில் சமநிலை என்ற பேச்சே கிடையாது. முதல் கோல் விழும்வரை இருபது இருபது நிமிடமாக ஓவர்டைம் நீண்டுகொண்டே போகும். முதல் ஓவர்டைம் போனது. இரண்டாவது போனது. மூன்றாவதும் போனது. நான்காவதில் 7 நிமிடம் 9 விநாடி ஆனபோது ஜினெல் ஸாக் என்ற விஸ்கான்சின் வீராங்கனை கோல் அடித்தார். மொத்தம் 127 நிமிடம் 9 விநாடி ஆட்டம். முடிவு 1-0.

ஐஸ் ஹாக்கி பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்கு இந்த எண்ணின் கனம் உடனே பிடிபடாது. களத்தில் ஓர் அணிக்கு ஐந்து ஆட்டக்காரர்கள், ஒரு கோல்கீப்பர். அந்த ஐந்து பேரும் முழு வேகத்தில் சறுக்கி ஆடுவதால் முக்கால் நிமிடம், ஒரு நிமிடத்துக்குள் மூச்சு வாங்கிவிடும். உடனே வேலியைத் தாண்டி பெஞ்சுக்குப் போவார்கள், வேறு ஐந்து பேர் குதித்து இறங்குவார்கள். ஆட்டம் முழுக்க இப்படி மாறிக்கொண்டே இருக்கும். கோல்கீப்பருக்கு மட்டும் அந்த மாற்று கிடையாது. அன்று விஸ்கான்சின் கோலைக் காத்த ஜெஸ்ஸி வெட்டர், இரண்டு முழு ஆட்டங்களுக்கும் மேலான நேரம், தலை முதல் கால்வரை கவசத்தோடு அங்கேயே நின்று, ஒரு கோலைக்கூட விடவில்லை. அப்போது அவர் இரண்டாம் ஆண்டு மாணவி.

இந்த அணியின் கதையை எழுதவேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. 2001 முதல் 2025 வரையிலான தேசியப் போட்டிகளில் எட்டு முறை கோப்பையை வென்றவர்கள் விஸ்கான்சின் பெண்கள். வேறு எந்தப் பல்கலைக்கழகமும் அத்தனை வெல்லவில்லை. ஆனால் எண்ணிக்கையைவிட, அந்த எட்டும் எப்படி வந்தன என்பதுதான் என்னை ஈர்க்கிறது.

மேடிசன் இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒரு குறுகிய நிலத்தில் கட்டிய ஊர். மெண்டோட்டா ஏரி ஒருபுறம், மொனோனா ஏரி மறுபுறம். குளிர்காலத்தில் இரண்டும் உறைந்துபோகும். அங்கே சிறுவர் சிறுமியர் பனிச்சறுக்குக் காலணி போட்டு வளர்வது சாதாரணம். பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணி 1973லேயே தேசிய சாம்பியன். பெண்களுக்கு மட்டும் எல்லாம் தாமதமாக வந்தது. கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்ற அமெரிக்கச் சட்டம் 1972இல் வந்தது. மகளிர் ஐஸ் ஹாக்கி ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1998இல், ஜப்பானின் நகானோவில். அங்கே அமெரிக்கப் பெண்கள் தங்கம் வென்றார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, 1999-2000 பருவத்தில்தான் விஸ்கான்சின் மகளிர் அணி பல்கலைக்கழகத்தின் முழுமையான அணியாகக் களமிறங்கியது. முதல் பயிற்சியாளர் ஜூலி சாஸ்னர். விஸ்கான்சின் ஆடும் மேற்கத்திய கல்லூரி லீகின் மகளிர் பிரிவும் அதே பருவத்தில்தான் தொடங்கியது. மினசோட்டா, மினசோட்டா டுலூத் ஆகிய இரண்டு பலசாலிகளும் அந்த லீகிலேயே இருந்தார்கள். தேசியப் போட்டி 2001இல் தொடங்கியபோது முதல் மூன்று கோப்பைகளை டுலூத்தும் அடுத்த இரண்டை மினசோட்டாவும் அள்ளிக்கொண்டு போயின. பக்கத்து மாநிலத்துக்காரர்கள் ஐந்து வருடம் கொண்டாடியதை மேடிசன் பார்த்துக்கொண்டிருந்தது.

2002இல் ஒரு திருப்பம். விஸ்கான்சின் ஆண்கள் அணிக்குப் புதிய தலைமைப் பயிற்சியாளர் தேவைப்பட்டார். அந்தப் பதவியை நாடியவர்களில் ஒருவர் மார்க் ஜான்சன். இவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1980 குளிர்கால ஒலிம்பிக்கில், நியூயார்க் மாநிலத்தின் லேக் ப்ளாசிட் ஊரில், கல்லூரி மாணவர்களை வைத்துச் சேர்த்த அமெரிக்க அணி சோவியத் யூனியனின் உலகப் புகழ்பெற்ற அணியை 4-3 என்று வென்றது. அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் அதற்கு இணையாகப் பேசப்படும் ஆட்டம் குறைவு. அதில் இரண்டு கோல் அடித்தவர் ஜான்சன். முதலாவது கோல், முதல் பகுதி முடிய ஒரு விநாடி இருக்கும்போது விழுந்தது. அவருடைய அப்பா பாப் ஜான்சன் விஸ்கான்சின் ஆண்கள் அணிக்கு 1973, 1977, 1981 என மூன்று தேசியக் கோப்பைகளைப் பெற்றுத் தந்த பயிற்சியாளர். 1977 கோப்பையை வென்ற அணியில் மகன் மார்க் முதலாம் ஆண்டு மாணவராக ஆடினார். ஆண்கள் அணிப் பொறுப்பு இவருக்குத்தான் என்று ஊரில் பலர் எதிர்பார்த்திருந்தால் அதில் வியப்பில்லை. பல்கலைக்கழகம் மைக் ஈவ்ஸைத் தேர்ந்தெடுத்தது. ஜான்சன் மகளிர் அணியின் பொறுப்பை ஏற்றார்.

நான் சொல்ல வருவது இந்த இடத்தில்தான் இருக்கிறது. மகளிர் அணியை ஒரு படிக்கட்டாக நினைத்து, இரண்டு வருடம் இருந்துவிட்டு வேறு வாய்ப்புக்குத் தாவியிருக்கலாம் அவர். தாவவில்லை. 2025 கோப்பையின்போதும் பெஞ்சுக்குப் பின்னால் நின்றது அவர்தான். அமெரிக்கக் கல்லூரி மகளிர் ஹாக்கியில் அவர் அளவுக்கு வெற்றிகள் குவித்த பயிற்சியாளர் இன்னொருவர் இல்லை, அறுநூறைத் தாண்டிவிட்டார். பெண்கள் அணி என்பது இரண்டாம் இடத்து வேலை என்று அதன் தலைவரே நினைத்திருந்தால், அந்த நினைப்பு பெஞ்சிலிருந்து பனித்தளத்துக்கு இறங்க ஒரு வாரம்கூட ஆகாது. மேடிசனில் அந்த நினைப்புக்கு இடம் இல்லாமல் போனது. என் கணக்கில் எட்டுக் கோப்பைகளுக்கும் வேர் அதுதான்.

முதல் கோப்பை 2006இல். மினியாபொலிஸ் நகரில், மினசோட்டா பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகத்தில், மினசோட்டாவையே இறுதிப்போட்டியில் 3-0 என்று வீழ்த்தினார்கள். அரையிறுதி 1-0. இரண்டிலும் கோல் காத்தவர் முதலாம் ஆண்டு மாணவியாக இருந்த வெட்டர். மேடிசனுக்குப் பக்கத்திலுள்ள காட்டேஜ் க்ரோவ் என்ற சிற்றூர்ப் பெண். இரண்டு பெரிய ஆட்டங்களில் ஒரு கோலும் கொடுக்காமல் கோப்பையை ஊருக்குக் கொண்டுவந்தார். சில நாட்களில் விஸ்கான்சின் ஆண்கள் அணியும் தேசியக் கோப்பையை வென்றது. ஒரே ஆண்டில் இரண்டையும் வென்ற முதல் பல்கலைக்கழகம் விஸ்கான்சின்தான். மைக் ஈவ்ஸும் மார்க் ஜான்சனும் ஒரே வளாகத்தில் ஒரே வசந்தத்தில் சாம்பியன்கள். இப்படி ஒரு முடிவைக் கதையில் எழுதினால் நம்பமாட்டார்கள்.

அதற்கு அடுத்த வருடம்தான் அந்த நான்கு ஓவர்டைம் காலிறுதி. அதில் வென்ற பிறகு அரையிறுதி, இறுதிப்போட்டிகள் நடந்த இடம் எது தெரியுமா? லேக் ப்ளாசிட். 1980இல் ஜான்சன் இரண்டு கோல் அடித்த அதே பனித்தளம். இருபத்தேழு ஆண்டுகள் கழித்து அங்கே தன் மாணவிகளோடு போய், டுலூத்தை 4-1 என்று வென்று இரண்டாவது கோப்பையை வாங்கினார். அந்தப் பருவத்தில் விஸ்கான்சின் ஆடிய 41 ஆட்டங்களில் வெற்றி 36, சமநிலை 4, தோல்வி ஒன்றே ஒன்று.

2009இல் பாஸ்டனில் மெர்சிஹர்ஸ்ட் அணியை 5-0 என்று வென்றார்கள். 2011இல் பென்சில்வேனியாவின் ஈரி நகரில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தை 4-1. இடையில் 2009-10 பருவத்தில் ஜான்சன் அமெரிக்க ஒலிம்பிக் மகளிர் அணிக்குப் பயிற்சியளிக்கப் போய், வான்கூவரில் வெள்ளி வென்று திரும்பினார். அவர் இல்லாத அந்தப் பருவத்தில் ட்ரேஸி டிகைசர் அணியைப் பார்த்துக்கொண்டார். 2010 பிப்ரவரியில் கேம்ப் ராண்டால் என்ற பிரம்மாண்டமான திறந்தவெளிக் கால்பந்து மைதானத்தில் பனித்தளம் போட்டு பெமிட்ஜி மாநிலப் பல்கலைக்கழகத்தோடு ஆடினார்கள். கொட்டும் குளிரில் 8,000 பேருக்கு மேல் உட்கார்ந்து பார்த்தார்கள்.

கூட்டத்தைப் பற்றிப் பேசும்போது மனம் நிறைகிறது. பெண்கள் ஆட்டத்தை யார் வந்து பார்ப்பார்கள் என்ற கேள்வியை உலகம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மேடிசன் அதற்கு எண்ணால் பதில் சொன்னது. 2012இல் லபான் அரங்கம் திறந்தது. 2,273 இருக்கைகள் கொண்ட, பெண்கள் ஹாக்கியை முன்வைத்துக் கட்டிய அரங்கம். கோஹ்ல் சென்டருக்கு ஒட்டியே நிற்கிறது. ஆண்கள் அரங்கில் மிச்ச நேரம் கேட்டு நிற்கவேண்டிய நிலை போனது. சிறிய அரங்கம் என்பதால் சத்தம் கூரையில் மோதித் திரும்பும். சில பருவங்களில் பெரிய அரங்கை நிரப்பிக் காட்டுவோம் என்று கோஹ்ல் சென்டரிலும் ஓர் ஆட்டம் வைத்தார்கள். 2017 ஜனவரியில் செயின்ட் க்ளவுட் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்துக்கு 15,359 பேர் வந்தார்கள். ஓர் இருக்கைகூடக் காலியில்லை. அமெரிக்கக் கல்லூரி மகளிர் ஹாக்கியில் அதுவரை எந்த ஆட்டத்துக்கும் அவ்வளவு கூட்டம் சேர்ந்ததில்லை.

இந்த அணியில் வளர்ந்தவர்களில் இருவரைப் பற்றி நிதானமாகச் சொல்லவேண்டும். ஹிலரி நைட், மேகன் டக்கன். நைட் விஸ்கான்சினுக்காக 143 கோல் அடித்தார். கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து 262 புள்ளிகள். டக்கன் 2007, 2009, 2011 என மூன்று கோப்பைகளிலும் இருந்தவர். 2011இல் பேட்டி காஸ்மையர் விருதும் பெற்றார். கல்லூரி மகளிர் ஹாக்கியில் அந்தப் பருவத்தின் சிறந்த வீராங்கனைக்குத் தரும் விருது அது. பிரின்ஸ்டனில் ஆடி, 28 வயதில் இரத்த நோயால் இறந்துபோன ஒரு வீராங்கனையின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். விஸ்கான்சினில் முதலில் 2006இல் சாரா பாயர், பிறகு வெட்டர், டக்கன், பிரியானா டெக்கர் என்று வரிசையாக அதைப் பெற்றார்கள்.

2017 மார்ச்சில் அமெரிக்க தேசிய மகளிர் அணி, நியாயமான ஊதியமும் ஆண்களுக்கு இணையான ஆதரவும் கிடைக்காவிட்டால் உலகப் போட்டியில் ஆடமாட்டோம் என்று அறிவித்தது. போட்டி நடக்கவிருந்தது அவர்கள் சொந்த நாட்டில், மிச்சிகனின் பிளிமத் நகரில். அப்போது அணித் தலைவி டக்கன். மாற்று வீராங்கனைகளைத் தேடிப் பார்த்தது அமெரிக்க ஹாக்கி சங்கம். வெளியே இருந்த பெண்கள் பலரும் அந்த இடத்துக்கு வர மறுத்தார்கள். போட்டி தொடங்கச் சில நாட்களே இருந்தபோது நான்கு ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. பிறகு ஆடப் போனார்கள். இறுதிப்போட்டியில் கனடாவை ஓவர்டைமில் 3-2 என்று வென்றார்கள். அந்த வெற்றிக் கோலை அடித்தவர் ஹிலரி நைட். அடுத்த ஆண்டு தென்கொரியாவில் டக்கன் தலைமையில் ஒலிம்பிக் தங்கம். மேடிசனில் நான்கு வருடம் மதிப்போடு நடத்தப்பட்ட பெண்கள், வெளியே வந்தபோது அதற்குக் குறைவான எதையும் ஏற்க மறுத்தார்கள் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அது என் எண்ணம்தான். ஆனால் அதில் எனக்கு உறுதி உண்டு.

2011க்குப் பிறகு நீண்ட வறட்சி. 2012 இறுதிப்போட்டியில் மினசோட்டாவிடம் 4-2 என்று தோல்வி. அடுத்த பருவத்தில் அதே மினசோட்டா ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் 41 வெற்றிகளோடு கோப்பையை வென்றது. அப்படி ஓர் அணி பக்கத்து மாநிலத்தில், அதே லீகில் இருந்தால் என்ன செய்ய முடியும்? 2014, 2015, 2016 என்று மூன்று அரையிறுதிகளிலும் மினசோட்டாவே வழியை அடைத்தது.

2016 தோல்விதான் என்னை அதிகம் வருத்துகிறது. அந்தப் பருவத்தில் விஸ்கான்சினின் கோல்கீப்பர், கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்து வந்த ஆன் ரெனே டெபியன். எதிரணிக்கு ஒரு கோலும் தராமல் முடித்த ஆட்டங்கள் அந்த ஒரே பருவத்தில் 21. சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு ஒரு கோலைக்கூட அவர் விடவில்லை, கணக்கு 0.76தான். அத்தனையும் செய்துவிட்டு அரையிறுதியில் ஓவர்டைமில் 3-2 என்று வெளியேறினார்கள். 2017இல் டெபியன் காஸ்மையர் விருது வாங்கினார். ஆனால் இறுதிப்போட்டியில் கிளார்க்சன் 3-0 என்று வென்றுவிட்டது. தேசியக் கோப்பையைத் தொடாமலேயே அவர் கல்லூரியை விட்டுப் போனார். பின்னர் 2022இல் கனடாவுக்காக ஒலிம்பிக் தங்கம் வென்றார் என்பது மட்டும் எனக்கு ஆறுதல். 2018இல் கோல்கேட் பல்கலைக்கழகத்திடம் இரண்டாவது ஓவர்டைமில் தோல்வி. இத்தனைக்கும் நடுவே பயிற்சியாளரை மாற்றச் சொல்லி யாரும் அவசரப்படவில்லை. அணி அவரோடு தொடர்ந்தது.

2019இல் வறட்சி தீர்ந்தது. மினசோட்டாவைத்தான் வென்றார்கள், 2-0. அந்த வெற்றி மேடிசனுக்கு எப்படி இனித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2020இல் கொரோனாவால் போட்டியே நடக்கவில்லை. 2021 இறுதியில் நார்த்ஈஸ்டர்ன் அணிக்கு எதிராக ஓவர்டைமில், டேரில் வாட்ஸ் கோல் கோட்டுக்குப் பின்னாலிருந்து தள்ளிய பக் ஒரு தடுப்பாட்டக்காரர்மேல் பட்டு வலைக்குள் போனது. 2-1. பக் என்பது கெட்டியான ரப்பர் வட்டு. ஓர் அங்குலத் தடிமன், மூன்று அங்குல அகலம். அது எப்படித் திரும்பும் என்று யாராலும் முழுசாகக் கணிக்க முடியாது. ஆனால் கோலுக்குப் பின்னாலிருந்தும் முயன்று பார்க்கும் மனசு வாட்ஸுக்கு இருந்தது.

2023 கோப்பைதான் எட்டில் எனக்கு மிகப் பிடித்தது. அந்தப் பருவம் முழுக்க விஸ்கான்சின் தடுமாறியது. தேசியப் போட்டிக்குள் நுழையும்போது முன்னணி அணிகளுக்குக் கிடைக்கும் நேரடி இடம்கூடக் கிடைக்கவில்லை. முதல் சுற்றிலிருந்தே ஆடி வரவேண்டியிருந்தது. அரையிறுதியில் மினசோட்டாவோடு ஓவர்டைம். கரோலின் ஹார்வி கோல் அடித்து 3-2 என்று காப்பாற்றினார். டுலூத் நகரில் நடந்த இறுதிப்போட்டியில், முந்தைய ஆண்டின் சாம்பியனான ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் எதிரில். முதலாம் ஆண்டு மாணவி கிர்ஸ்டன் சிம்ஸ் ஒரு கோல் போட்டார். மீதி வேலை கோல்கீப்பர் காமி க்ரோனிஷுக்கு. பல பருவங்கள் மற்றவர்களுக்கு மாற்று கோல்கீப்பராகப் பெஞ்சில் காத்திருந்து, கடைசி ஐந்தாவது வருடத்தில் முதன்மை இடத்துக்கு வந்த பெண். வேறு கல்லூரிக்குப் போயிருந்தால் முன்பே ஆடியிருக்கலாம். போகவில்லை. அன்று 31 ஷாட்டுகளையும் தடுத்தார். 1-0.

2024இல் ஒஹையோ அதே கணக்கில், 1-0 என்று திருப்பிக் கொடுத்தது. ஆகவே 2025 மார்ச் 23 அன்று இரண்டு அணிகளும் தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக இறுதிப்போட்டியில் சந்தித்தன. இடம் மினியாபொலிஸ், மினசோட்டாவின் ரிட்டர் அரங்கம். விஸ்கான்சின் அந்தப் பருவத்தில் ஒரே ஓர் ஆட்டம் தோற்றிருந்தது. காஸ்மையர் விருதுக்கான இறுதிப் பட்டியலின் மூன்று பெயர்களும் விஸ்கான்சின் பெண்கள்தான்: கேஸி ஓப்ரையன், கரோலின் ஹார்வி, லைலா எட்வர்ட்ஸ். அமெரிக்க தேசிய மகளிர் அணிக்கு ஆடிய முதல் கறுப்பினப் பெண் எட்வர்ட்ஸ். விருது ஓப்ரையனுக்குப் போனது. அப்படிப்பட்ட அணிக்கு எதிராக ஒஹையோ ஆட்டத்தின் கடைசி நிமிடம்வரை 3-2 என்று முன்னிலையில் இருந்தது.

விஸ்கான்சின் தன் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆட்டக்காரரை இறக்கியது. ஒஹையோவின் கோல் முன்னால் பெரிய தள்ளுமுள்ளு. விசில் ஊதியாயிற்று. அப்போது ஜான்சன் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்: கோலுக்கு முன்னுள்ள நீலப் பகுதிக்குள் ஒஹையோவின் களத்து வீராங்கனை ஒருவர் கையால் பக்கை மூடினார், நடுவர்கள் வீடியோவைப் பார்க்கவேண்டும் என்று கேட்டார். கோல்கீப்பர் அல்லாதவர் அங்கே அப்படிச் செய்தால் எதிரணிக்குப் பெனால்டி ஷாட். நடுவர்கள் பார்த்தார்கள், கொடுத்தார்கள். கடிகாரத்தில் மிச்சம் 18.9 விநாடி.

பெனால்டி ஷாட் என்றால் நடுத்தளத்திலிருந்து ஒருத்தி தனியாகப் பக்கை உருட்டிக்கொண்டு வருவாள். எதிரில் கோல்கீப்பர் மட்டும். தவறினால் பருவமே முடிந்தது. ஜான்சன் அனுப்பியது சிம்ஸை, அதாவது 2023இல் அந்த ஒற்றைக் கோலைப் போட்டவரை. அவர் பிளிமத் ஊர்க்காரர்; 2017இல் அமெரிக்கப் பெண்கள் உரிமைக்காக நின்றபின் உலகப் போட்டியில் ஜெயித்த அதே ஊர். கோல்கீப்பரை ஏமாற்றிப் போட்டுவிட்டார். 3-3. ஓவர்டைமில் 2 நிமிடம் 49 விநாடியில், கோல் முன்னால் துள்ளி வந்த பக்கை உள்ளே தள்ளியதும் சிம்ஸ்தான். 4-3. எட்டாவது கோப்பை.

ஆண்கள் அணியின் கணக்கு அப்போது 2006ஆம் ஆண்டுக் கோப்பையோடு ஆறில் நின்றிருந்தது. தாமதமாக வந்த தங்கைகள் அதைத் தாண்டி இரண்டு படி மேலே போய்விட்டார்கள்.

எட்டாவது கோப்பை வென்ற அந்தப் பருவத்தில் ஓப்ரையன், நைட்டின் 262 புள்ளிச் சாதனையையும் கடந்தார். 2025 ஜூனில், வட அமெரிக்காவின் தொழில்முறை மகளிர் லீகின் வீராங்கனைத் தேர்வில் நியூயார்க் சைரன்ஸ் அவரை மூன்றாவதாக எடுத்தது. ஜெஸ்ஸி வெட்டர் பட்டம் வாங்கிய காலத்தில் இப்படி ஊதியத்தோடு ஆட ஒரு நிலையான லீக் கிடையாது. கனடாவை மையமாகக் கொண்ட ஒரு லீக் இருந்தது, அதுவும் 2019இல் மூடப்பட்டது. இப்போதைய லீக் 2024 ஜனவரி முதல் தேதி தொடங்கியது. அதன் அணிகளில் விஸ்கான்சினில் படித்தவர்கள் நிறையப் பேர்.

இதுவரை ஐஸ் ஹாக்கி பார்த்ததே இல்லை என்றால் 2025 இறுதிப்போட்டியின் காட்சிகளிலிருந்து தொடங்குங்கள். பக் எங்கே போகிறது என்று கண் தேடித் தேடித் தவறவிடும். பத்து நிமிடத்தில் பழகிவிடும். பழகியதும் 2023 இறுதிப்போட்டியைத் தேடிப் பாருங்கள். அதில் கோல்களை எதிர்பார்க்காதீர்கள், ஒன்றுதான் விழும். க்ரோனிஷை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.